காதுக்கு எட்டிய கல்வி: எடிசனின் உருளை முதல் பொட்காஸ்ட் வரை

பொட்காஸ்ட் என்ற சொல்லுக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருக்கிறது. 2004 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் பிரித்தானியாவின் கார்டியன் பத்திரிகையில் பென் ஹாமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர் எழுதிய கட்டுரையில் அச்சொல் இடம்பெற்றது. இணையத்தில் பெருகத் தொடங்கியிருந்த ஒலிப்பதிவுகளை என்ன பெயரிட்டு அழைக்கலாம் என்று யோசித்த அவர், இரண்டு மூன்று பெயர்களை எழுதிப் பார்த்தார். அவற்றுள் ஒன்று நிலைத்துவிட்டது. இன்று வங்கிகளும் மருத்துவமனைகளும் தமது ஊழியர்களுக்குப் பயிற்சியளிக்கப் பொட்காஸ்டைப் பயன்படுத்துகின்றன. பல்கலைக்கழகங்கள் விரிவுரைகளை ஒலிப்பதிவாக வழங்குகின்றன. நிறுவனத் தலைவர்கள் பங்குதாரர்களோடு பேசுவதற்கும் அதனையே நாடுகின்றனர்.

சொல் புதிது. அது சுமந்து நிற்கும் ஆசை பழையது. ஒரு குரலை ஓரிடத்தில் பதிந்துவைத்து, வேறோரிடத்தில், வேறொரு நேரத்தில், வேண்டியவர் வேண்டியபோது கேட்டுக் கற்க வேண்டும் என்ற ஆசை, ஒலிப்பதிவுக் கருவி பிறந்த ஆண்டிலிருந்தே இருந்து வந்திருக்கிறது. அந்த ஆசையின் வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஓர் உண்மை திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைக் காணலாம். குரலை அனுப்புவது எப்போதுமே எளிதாக இருந்திருக்கிறது. கேட்டவரின் குரல் திரும்பி வருவதற்கு வழி செய்தவர்களே கல்வியில் வெற்றி கண்டிருக்கிறார்கள்.

எடிசன் எழுதிய பட்டியல்

தோமஸ் அல்வா எடிசன் 1877 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் போனோகிராஃப் கருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டு, 1878 இல், அமெரிக்காவில் வெளிவந்த நோர்த் அமெரிக்கன் ரிவியூ என்ற சஞ்சிகையில், அக்கருவியின் எதிர்காலம் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். தமது கருவியால் என்னென்ன செய்யலாம் என்று அதில் பட்டியலிட்டார். இன்றைய வாசகர் அந்தப் பட்டியலின் தலைப்பில் இசை இருக்கும் என்றே எதிர்பார்ப்பார். எடிசனின் பட்டியலில் முதலிடம் பெற்றது அலுவலகக் கடிதம். முதலாளி வாயால் சொல்ல, கருவி பதிந்துகொள்ள, எழுதுவினைஞர் பின்னர் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம் என்றார். பார்வையற்றோருக்கான பேசும் புத்தகம், பேச்சுப் பயிற்சி ஆகியனவும் பட்டியலில் இருந்தன. ஆசிரியர் தரும் விளக்கத்தைப் பதிந்துவைத்தால், மாணவர் வேண்டிய வேளையில் அதனை மீண்டும் கேட்டுக்கொள்ளலாம் என்பதையும் அவர் மறக்கவில்லை.

வர்த்தகத் தொடர்பு, பயிற்சி, கல்வி என்று இன்று பொட்காஸ்டுக்குச் சொல்லப்படும் மூன்று பயன்களும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே எழுத்தில் வந்துவிட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

ஆயினும், நடைமுறை எடிசன் நினைத்தபடி அமையவில்லை. 1888 இல் ஜெஸ்ஸி லிப்பின்கொட் என்ற செல்வந்தர் நோர்த் அமெரிக்கன் போனோகிராஃப் கம்பனியை நிறுவி, அக்கருவிகளை அலுவலகங்களுக்கு வாடகைக்கு விடும் வியாபாரத்தை ஆரம்பித்தார். கருவிகள் அடிக்கடி பழுதடைந்தன. சுருக்கெழுத்தாளர்கள் தமது தொழிலுக்கு வந்த ஆபத்தாக அவற்றைக் கண்டனர். வியாபாரம் சரிந்தது. 1889 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள ஒரு மதுச்சாலையில், நாணயத்தைப் போட்டால் பாட்டுக் கேட்கும் வகையில் ஒரு போனோகிராஃபை லூயிஸ் கிளாஸ் என்பவர் பொருத்தினார். கூட்டம் அலைமோதியது. அலுவலகத்துக்கென்று வந்த கருவி மதுச்சாலையில் பாடிப் பிழைத்துக்கொண்டது. கம்பனியோ 1894 இல் வங்குரோத்தாகியது.

எனினும், கற்பிக்கும் ஒலிப்பதிவு அத்துடன் மறைந்துவிடவில்லை. 1901 இல் இலண்டனில் ஆரம்பிக்கப்பட்ட லிங்குவாபோன் நிறுவனம், மெழுகு உருளைகளில் அந்நிய மொழிப் பாடங்களைப் பதிந்து விற்றது. பாடத்தோடு அச்சிட்ட புத்தகமும் சேர்ந்தே வந்தது. கண் எழுத்தைப் பார்க்கும்போது காது உச்சரிப்பைக் கேட்டது. வாய் அதைத் திருப்பிச் சொன்னது. கேட்பவரை வாய் திறக்கச் செய்யும் உத்தி அப்போதே கைவந்துவிட்டது எனலாம்.

வானொலியும் வட்டமாக அமர்ந்த விவசாயிகளும்

வானொலி வந்தபோது ஆசை பன்மடங்காயிற்று. பி.பி.சி. 1924 இல் பாடசாலைகளுக்கான ஒலிபரப்பை ஆரம்பித்தது. இலங்கையில், தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராகப் பணியாற்றிய எட்வர்ட் ஹாப்பரின் முயற்சியால் 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. ஒரு நல்லாசிரியர் ஒரு வகுப்பறைக்குள் அடங்கியிருந்த காலம் போய்விட்டது, இனி நாடு முழுவதும் அவருடைய வகுப்பறை என்று பலர் நம்பினர்.

அந்த நம்பிக்கையில் ஒரு குறை இருந்தது. வகுப்பறையில் ஆசிரியர் மாணவரின் முகத்தைப் பார்க்கிறார். விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது. ஒலிவாங்கிக்கு முன்னால் இருப்பவருக்கு எதிரே இருப்பது சுவர். இந்தச் சுவரில் எப்படி ஒரு சாளரத்தைத் திறப்பது என்பதே அடுத்த அரை நூற்றாண்டின் கேள்வியாக இருந்தது.

முதலில் சிறந்த விடை கனடாவிலிருந்து வந்தது. 1941 இல் கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும், கனேடிய விவசாயச் சம்மேளனமும், முதியோர் கல்விச் சங்கமும் இணைந்து தேசிய பண்ணை வானொலி மன்றத்தை ஆரம்பித்தன. குளிர்காலத் திங்கட்கிழமை இரவுகளில் அயலவர்கள் ஒரு வீட்டில் கூடுவார்கள். அன்றைய விடயம் பற்றிய கையேடு முன்னதாகவே தபாலில் வந்திருக்கும். ஒலிபரப்பைக் கேட்டபின் வானொலியை அணைத்துவிட்டு விவாதிப்பார்கள். தங்கள் முடிவை எழுதி மாகாண அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். அந்த முடிவுகளின் சாரம் பின்னைய நிகழ்ச்சியில் வாசிக்கப்படும். வாசி, கேள், விவாதி, செயற்படு என்பதே மன்றத்தின் தாரக மந்திரம். உச்சக் காலத்தில் சுமார் 27,000 பேர் இவ்வாறு கூடியதாகப் பதிவு உண்டு. 1965 வரை அம்மன்றம் இயங்கியது.

கனடாவின் முறை இந்தியாவுக்கு வந்தது. 1956 இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன், அகில இந்திய வானொலியின் பூனா நிலையம் அன்றைய பம்பாய் மாநிலத்தின் ஐந்து மாவட்டங்களில் ஏறத்தாழ 150 கிராமங்களில் ஒரு பரிசோதனையை நடத்தியது. மராத்தி மொழியில் வாரத்துக்கு இரண்டாக இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. ஒவ்வொரு கிராமத்திலும் இருபது பேரளவில் கொண்ட ஒரு மன்றம். நிகழ்ச்சி முடிந்ததும் கலந்துரையாடல் நடக்கும். எழுந்த ஐயங்கள் வானொலி நிலையத்துக்கு எழுதி அனுப்பப்படும். அடுத்த நிகழ்ச்சிகளில் பதில் வரும்.

இந்தப் பரிசோதனை வரலாற்றில் இடம்பெற்றதற்குக் காரணம், அது ஒழுங்காக அளந்து பார்க்கப்பட்டமையே. பம்பாயில் உள்ள டாட்டா சமூக விஞ்ஞான நிறுவனம் அந்த ஆய்வைச் செய்தது. மன்றங்கள் இருந்த கிராமங்களோடு மன்றங்கள் இல்லாத கிராமங்களும் ஒப்பிடப்பட்டன. மன்றமில்லாத கிராமங்களிலும் ஒரு பகுதியில் வானொலிப் பெட்டி இருந்தது. முடிவு தெளிவாக இருந்தது. மன்றங்களில் கூடிக் கேட்டுப் பேசியவர்களின் அறிவு கணிசமாக உயர்ந்திருந்தது. வானொலி இருந்தும் மன்றம் இல்லாத கிராமங்களில் உயர்வு சொற்பமாகவே காணப்பட்டது. அதே குரல், அதே செய்தி. கேட்டபின் பேசுவதற்கு ஓர் இடம் இருந்ததா இல்லையா என்பதே வேறுபாடு. ஜே.சி. மாத்தூர், போல் நியூராத் ஆகிய இருவரும் எழுதிய அறிக்கையை 1959 இல் யுனெஸ்கோ வெளியிட்டது. பொட்காஸ்ட் தயாரிக்க முற்படும் ஒவ்வொரு நிறுவனமும் அறிந்திருக்க வேண்டிய முடிவு இது.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணமும் உண்டு. 1960களின் நடுப்பகுதியில் தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல்லினம் பரவியது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அதனை விவசாயிகளிடம் கொண்டுசென்றன. அதனால் மக்கள் அந்த நெல்லுக்கு வானொலியின் பெயரையே சூட்டி, ரேடியோ நெல் என்று அழைத்தனர். வானொலியின் வெற்றியாக இதனைச் சொல்வது வழக்கம். அதே காலத்தில் அம்மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டமும் நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கேட்டவர் ஐயம் தெளிவதற்கு வயலருகே ஓர் அலுவலர் இருந்தார். குரல் விதையைப் பற்றிச் சொன்னது. விதையும் கையில் கிடைத்தது.

கடிதங்களும் இடைவெளிகளும்

தென்னமெரிக்காவின் கொலம்பியாவில், ஆண்டிஸ் மலைப் பகுதியிலுள்ள சுத்தத்தென்சா என்ற சிற்றூருக்கு 1947 இல் ஓர் இளம் பாதிரியார் வந்து சேர்ந்தார். ஹொசே ஹோக்கின் சல்செடோ என்பது அவர் பெயர். எழுத்தறிவில்லாத விவசாயக் குடும்பங்கள் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடந்தன. அவர் ஒரு சிறிய ஒலிபரப்பியைப் பொருத்தி எழுத்தும் கணக்கும் கற்பிக்க ஆரம்பித்தார். வீடுகளில் சிறு குழுக்கள் வானொலியைச் சுற்றி அமர்ந்தன. ஒவ்வொரு குழுவுக்கும் ஓரளவு எழுத்துத் தெரிந்த அயலவர் ஒருவர் உதவியாளராக இருந்தார். குரல் சொன்ன எழுத்தை அவர் பலகையில் எழுதிக் காட்டினார். பாடநூல்கள் அச்சிடப்பட்டன. 1958 இல் விவசாயிகளுக்கென்று ஒரு வாரப் பத்திரிகையும் தொடங்கப்பட்டது.

சுத்தத்தென்சா வானொலிக்கு வந்த கடிதங்கள் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவை. அவை அனுப்பியோர் பலர் அந்த வானொலியின் மூலமாகவே எழுதப் பழகியவர்கள். கற்பித்த குரலுக்குக் கற்றவரின் கையெழுத்தில் பதில் வருவதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறென்ன சான்று வேண்டும்? நிதி நெருக்கடியால் 1980களின் இறுதியில் அந்த வானொலி விற்கப்பட்டது. கடிதங்கள் உட்பட அதன் ஆவணங்கள் கொலம்பியாவின் நூலகமொன்றில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன.

நிக்கரகுவாவில் வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. 1974 தொடக்கம் 1979 வரை, ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அங்குள்ள ஆரம்பப் பாடசாலைகளில் வானொலி மூலம் கணிதம் கற்பித்தனர். வானொலிக் குரல் ஒரு கேள்வி கேட்கும். பின்னர் மௌனமாகும். அந்த மௌனத்தில் வகுப்பிலுள்ள பிள்ளைகள் உரத்த குரலில் விடை சொல்வார்கள். பிறகு வானொலி சரியான விடையைச் சொல்லும். பிள்ளைகளின் குரல் நிலையத்தை எட்டவில்லைதான். ஆயினும், பிள்ளை வாளாவிருந்து கேட்கவில்லை. பேசியது, கை தட்டியது, எழுதியது. வானொலிப் பாடம் பெற்ற வகுப்புகள் ஏனைய வகுப்புகளைவிடப் பரீட்சையில் தெளிவாக முன்னின்றன. அம்முறை பின்னர் பல நாடுகளுக்குப் பரவியது. பாடத்தின் நடுவே விடப்பட்ட சில விநாடி மௌனம், பேச்சைவிட அதிகம் கற்பித்தது என்றே சொல்ல வேண்டும்.

ஒலிநாடா தந்த சுதந்திரம்

இதுவரை சொன்னவை யாவும் நேரத்துக்குக் கட்டுப்பட்டவை. திங்கள் இரவு வானொலிக்கு முன் அமராதவர் பாடத்தை இழந்தார். எடிசன் கனவு கண்டது வேண்டிய வேளையில் கேட்பதை. அது சாமானியருக்குக் கைகூடியது ஒலிநாடாவினால். 1963 இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறிய கசெற்றை அறிமுகம் செய்தது. 1979 இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வோக்மனை விற்பனைக்கு விட்டது. குரல் சட்டைப் பைக்குள் வந்து சேர்ந்தது.

பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் 1971 இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோது, பி.பி.சி.யின் வானொலி, தொலைக்காட்சி ஒலிபரப்புகளையே பெரிதும் நம்பியிருந்தது. வேலை செய்துகொண்டே படிப்பவர்களுக்கு விடியற்காலை, பின்னிரவு ஒலிபரப்புகள் வசதிப்படவில்லை. படிப்படியாக வானொலியின் இடத்தைக் கசெற் பிடித்தது. மாணவர் நிறுத்தலாம், பின்னோக்கிச் சுற்றலாம், குறிப்பெழுதலாம், மீண்டும் கேட்கலாம். பாடநூலின் ஒரு வரைபடத்தைப் பார்த்தபடியே, அதனை விளக்கும் குரலைக் கேட்கும் வகையில் கசெற்றுகள் தயாரிக்கப்பட்டன. தொலைக்காட்சியை நோக்க மிக மலிவான கசெற், கற்பவருக்கு அதிகம் உதவியதாக அப்பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களே எழுதினர். ஆனாலும் கசெற்றோடு அவர்கள் நின்றுவிடவில்லை. ஒவ்வொரு மாணவருக்கும் விடைத்தாளைத் திருத்திக் கருத்தெழுதும் ஒரு பயிற்றாசிரியர் நியமிக்கப்பட்டிருந்தார்.

வர்த்தக உலகமும் சும்மா இருக்கவில்லை. அமெரிக்க வானொலியாளர் ஏர்ல் நைட்டிங்கேல், காப்புறுதி வியாபாரமும் செய்துவந்தவர். 1956 இல் தமது விற்பனையாளர்களை ஊக்குவிப்பதற்காக ஓர் உரையை இசைத்தட்டில் பதிந்தார். அவ்வுரை அவருடைய அலுவலகத்தைத் தாண்டிப் பெரும் விற்பனை கண்டது. 1960 இல் லொயிட் கோனன்ட் என்பவரோடு சேர்ந்து அவர் தொடங்கிய நிறுவனம், ஒலிப்பதிவு மூலம் தொழிற்பயிற்சி என்ற ஒரு துறையையே உருவாக்கியது. விற்பனையாளர்கள் காரில் போகும்போது ஊக்க உரைகளைக் கேட்டனர். கேட்டவர் அனைவரும் சிறந்த விற்பனையாளராகிவிட்டனரா என்பதை அளந்து சொல்லும் ஏற்பாடு அங்கே இருக்கவில்லை. பூனாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

கொத்மலையில் இணையமும் வானொலியும்

இணையம் நம்மை வந்தடைந்தபோது இலங்கையின் மலைநாட்டில் நடந்த ஒரு முயற்சி உலகின் கவனத்தை ஈர்த்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ் மகாவலி சமூக வானொலி 1981 இல் உருவானது. அதன் வழியில் 1989 இல் கொத்மலை சமூக வானொலி தோன்றியது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் உதவியுடன் அங்கு இணைய இணைப்பு வழங்கப்பட்டது. கம்பளை, நாவலப்பிட்டி பொதுநூலகங்களிலும் இணைய வசதி செய்யப்பட்டது.

அன்று கிராமத்து வீடுகளில் கணினி இல்லை; இணையத்தில் இருந்தவையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. ஆகவே, நேயர்கள் தங்கள் கேள்விகளைத் தபாலிலும் தொலைபேசியிலும் வானொலிக்கு அனுப்பினர். நிகழ்ச்சியாளர்கள் அக்கேள்விகளுக்கான விடையை இணையத்தில் தேடினர். துறை தெரிந்த ஒருவரை நிலையத்துக்கு அழைத்து, மக்களின் மொழியில் விளக்கிச் சொல்லவைத்தனர். வானொலியின் மூலம் இணையத்தை உலாவுதல் என்று இது பெயர்பெற்றது. பொட்காஸ்ட் என்ற சொல் பிறப்பதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, இணையத்தையும் குரலையும் இணைத்துக் கல்வி புகட்டிய முயற்சி இது. இங்கே நிகழ்ச்சியைத் தொடக்கி வைத்தது நேயரின் கேள்வி.

பொட்காஸ்ட் பிறக்கிறது

2000 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மென்பொருளாளர் டேவ் வைனர், ஆர்.எஸ்.எஸ். எனப்படும் இணையச் செய்தியோடையில் ஒலிக்கோப்புகளையும் இணைத்து அனுப்பும் வசதியை ஏற்படுத்தினார். தொலைக்காட்சி அறிவிப்பாளராக இருந்த அடம் கறி அதற்கான யோசனையை முன்வைத்தவர்களில் ஒருவர். 2001 ஒக்டோபரில் அப்பிள் நிறுவனம் ஐபொட்டை அறிமுகம் செய்தது. 2003 இல், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் முன்னர் பணியாற்றிய கிறிஸ்தோபர் லைடன் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலிருந்து பதிந்த செவ்விகள் இம்முறையில் வெளியாகின. புதிய ஊடகத்தின் வாசலில் பழைய பத்திரிகையாளர் ஒருவர் நின்றார் என்பது எம்போன்றோருக்கு மகிழ்ச்சி தருவது. 2005 ஜூனில் அப்பிளின் ஐரியூன்ஸ் மென்பொருளில் பொட்காஸ்டுக்கு இடம் கிடைத்தது. முதல் இரண்டு நாட்களில் பத்து இலட்சம் சந்தாக்கள் பதிவாகின.

கல்வியாளர்கள் காத்திருக்கவில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2004 ஓகஸ்டில் முதலாம் ஆண்டு மாணவர்கள் 1,600க்கும் அதிகமானோருக்கு ஐபொட்டும் ஒலிவாங்கியும் இலவசமாக வழங்கியது. விளம்பரத்துக்கான வேடிக்கை என்று பலர் விமர்சித்தனர். ஓராண்டின் பின் வெளியான மதிப்பீட்டில் சுவையான ஒரு தகவல் இருந்தது. மாணவர்கள் கருவியைக் கேட்பதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. விரிவுரைகளையும் செவ்விகளையும் களக் குறிப்புகளையும் தாமே பதிந்துகொள்வதற்கு விரும்பிப் பயன்படுத்தியிருந்தனர். மொழி கற்போருக்கு அது பெரிதும் உதவியது. அடுத்த ஆண்டு முதல், கருவி தேவைப்படும் பாடங்களைப் படிப்போருக்கு வழங்குவது என்று பல்கலைக்கழகம் திட்டத்தை மாற்றிக்கொண்டது.

நிறுவனங்களும் விரைந்து வந்தன. 2005 இல் ஜெனரல் மோட்டர்ஸ் பொட்காஸ்ட் வெளியிட்டது. ஐ.பி.எம். அதே ஆண்டில் முதலீட்டாளர்களுக்கென்று தொழில்நுட்பத்தின் எதிர்காலம் பற்றிய உரையாடல்களை வெளியிடத் தொடங்கியது. கப்பிட்டல் வன் நிதி நிறுவனம் தனது ஊழியர்களின் பயிற்சிக்காக ஐபொட் கருவிகளை வழங்கியது. பயணம் செய்யும் ஊழியரை மண்டபத்தில் கூட்டி வைத்துப் பாடம் நடத்துவதைவிட, வழியில் கேட்கவைப்பது செலவு குறைந்தது என்பதே அதன் கணக்கு. கணக்குப் பிழையில்லை. ஆனால் முகாமைத்துவம் தனது சுற்றறிக்கையை எடுத்து ஒரு நல்ல குரலில் வாசித்துப் பதிந்து அனுப்பினால், அது சுற்றறிக்கையாகவே இருக்கும். ஊழியர் அதற்கு மறுமொழி சொல்ல இடமில்லையேல், பழைய அறிவித்தற் பலகைக்கும் அதற்கும் பெரிய பேதமில்லை.

பேர்க்லி கற்பித்த பாடம்

2007 இல் அப்பிள் நிறுவனம் பல்கலைக்கழக விரிவுரைகளுக்கென்று ஐரியூன்ஸ் யூ என்ற தனிப் பிரிவைத் திறந்தது. உலகின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் விரிவுரைகள் இலவசமாகக் கிடைத்தன. நமது ஊர்களில் இருந்த மாணவரும் அவற்றைக் கேட்டு மகிழ்ந்தனர். கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகம் அவ்வாறு வாரி வழங்கியவற்றுள் முன்னணியில் நின்றது.

அந்தத் தாராளத்தில் யாரும் பார்க்காத ஒரு வாசல் மூடியிருந்தது. செவிப்புலன் குறைந்தோரால் அந்த விரிவுரைகளைப் பின்தொடர முடியவில்லை. பெரும்பாலானவற்றுக்கு எழுத்துவடிவமோ வசனவரிகளோ இருக்கவில்லை. செவிப்புலனற்றோருக்கான கலோடெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் முறைப்பாடு செய்தனர். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்கு இது முரணானது என்று அமெரிக்க நீதித் திணைக்களம் 2016 இல் அறிவித்தது. 2017 மார்ச்சில் பல்கலைக்கழகம் எடுத்த முடிவு பலரைத் திடுக்கிடவைத்தது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப்பதிவுகளை அது பொதுமக்கள் பார்வையிலிருந்து அகற்றியது. எழுத்துவடிவம் சேர்ப்பதற்கு ஆகும் செலவு அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

முறைப்பாடு செய்தவர்கள் அழிவைக் கேட்கவில்லை. தங்களுக்கும் ஒரு வழியைக் கேட்டனர். ஆரம்பத்திலேயே எழுத்துவடிவத்தையும் சேர்த்திருந்தால் இருசாராரும் இழந்திருக்க மாட்டார்கள். 2022 இன் இறுதியில் நீதித் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையே இணக்கம் ஏற்பட்டு, பதிவுகளை அனைவருக்கும் ஏற்றவாறு சீர்செய்யப் பல்கலைக்கழகம் உடன்பட்டது. ஐரியூன்ஸ் யூவும் 2021 இன் இறுதியில் மூடப்பட்டது. பிறர் கொட்டகையில் நமது ஏட்டைக் கட்டிவைத்தால், கொட்டகை மூடப்படும் நாளில் ஏட்டையும் தேட வேண்டிவரும்.

இன்று நம் முன் இருப்பது

2020 இல் கொரோனாப் பெருந்தொற்றினால் உலகெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டன. அப்போது பல நாடுகள் வானொலியைத் தூசு தட்டி எடுத்தன. மேற்கு ஆபிரிக்காவின் சியரா லியோன் அதற்கு முன்னர் 2014 இல் எபோலா பரவியபோதே வானொலிப் பாடங்களை நடத்திய அனுபவமுடையது. அதே வழியை மீண்டும் கைக்கொண்டது. இணைய இணைப்பும் கணினியும் இல்லாத வீட்டுக்குள் குரல் மட்டும் நுழைய முடிந்தது. பழைய ஊடகம் செத்துவிட்டது என்று சொன்னவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி இது.

இன்னொரு பக்கத்தில், 2013 இல் வட்ஸ்அப்பில் குரற்செய்தி வசதி வந்தபின் வர்த்தகத் தொடர்பின் முகம் மாறியிருக்கிறது. தமிழில் தட்டச்சு செய்யச் சிரமப்படும் கடைக்காரரும் மீன் வியாபாரியும் குரலால் விலை பேசுகிறார்கள். குரலாலேயே மறுமொழி பெறுகிறார்கள். எடிசனின் பட்டியலில் முதலிடம் பெற்ற குரற்கடிதம், அவர் எதிர்பார்த்த அலுவலகத்தில் தோற்று, நமது சந்தையில் வென்றிருக்கிறது. இருவழிப் பாதையாக இருந்தமையே அதன் வெற்றிக்குக் காரணம்.

2024 செப்டெம்பரில் கூகுள் நிறுவனம், ஓர் ஆவணத்தைக் கொடுத்தால் அதனை இருவர் உரையாடுவதுபோல் பொட்காஸ்டாக்கித் தரும் வசதியை அளித்தது. 2025 இல் அது ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. தமிழும் அவற்றுள் ஒன்று. பாடநூலையோ நிறுவன விதிக்கோவையையோ கொடுத்தால் சில நிமிடங்களில் இனிய குரல்கள் பேசத் தொடங்கும். குரலை உண்டாக்கும் செலவு ஏறக்குறைய இல்லாமற் போய்விட்டது. இதனாலேயே பழைய கேள்வி முன்னெப்போதையும்விடக் கூர்மையடைகிறது. பேசுபவர் எவரும் இல்லாத ஒரு குரலிடம், விளங்கவில்லை என்று கேட்பவர் யாரிடம் போய்ச் சொல்வது?

ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் தமிழ் கற்பிக்கும் வார இறுதிப் பள்ளிகள், யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் உள்ள கல்வி நிலையங்கள், தமிழர் நடத்தும் நிறுவனங்கள் ஆகியவை பொட்காஸ்டை நாடுவதில் தவறேதுமில்லை. செலவு குறைந்த, காட்சியைவிடக் குறைந்த தரவில் இறங்கக்கூடிய, கை வேலையை நிறுத்தாமலே கேட்கக்கூடிய ஊடகம் அது. புலம்பெயர்ந்த பிள்ளைக்குத் தமிழ் உச்சரிப்பைக் கற்பிக்க அதைவிட நல்ல துணை கிடைப்பது அரிது. ஆனால், வரலாறு கேட்கும் கேள்விகளுக்கு முதலில் விடை வைத்திருக்க வேண்டும். கேட்டபின் கூடிப் பேச ஒரு குழு உண்டா? ஐயத்தை அனுப்ப ஒரு முகவரியும், அதனைப் படித்துப் பதிலளிக்க ஓர் ஆளும் உண்டா? கேட்பவர் வாய் திறந்து விடை சொல்லப் பாடத்தின் நடுவே இடைவெளி உண்டா? காது கேளாதவருக்கு எழுத்துவடிவம் உண்டா? பத்தாண்டு கழித்தும் அப்பதிவு நமது கையில் இருக்குமா?

இவற்றுள் ஒன்றுக்கேனும் பெருந்தொகைப் பணமோ புதிய கருவியோ தேவையில்லை. 1941 இல் கனேடிய விவசாயிகள் ஒரு வானொலிப் பெட்டியையும் தபால் முத்திரையையும் கொண்டு அவற்றுட் சிலவற்றைச் செய்து காட்டினர். கொலம்பியாவில் மலைச்சரிவில் இருந்தவர்கள் புதிதாகப் பழகிய எழுத்தில் கடிதம் எழுதிச் செய்து காட்டினர். கொத்மலையில் ஒரு தொலைபேசி போதுமாயிருந்தது. கருவி எதுவாயினும், மறுமுனையில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கும் பொறுமை கற்பிப்பவருக்கு இருந்தால், அங்கே கல்வி நடக்கும்.